ஆயிரம் ரூபாய் வந்தது, ஒப்பந்தம் போனது

இலங்கை மலையகத் தோட்டச் சம்பளத்தைப் பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்ததும் முதல்ல ஒரு கூட்டல் கணக்குப் போட்டேன். 2016 கூட்டு ஒப்பந்தப்படி நாளுக்கு 730 ரூபாய். அதில் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140, விலைப்பங்கு 30. 2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனது. விலைப்பங்கு 50. மற்ற இரண்டும் எடுபட்டுப் போயின. ஆக 750. எல்லாக் கொடுப்பனவும் வாங்கிக்கொண்டிருந்தவருக்குக் கூடியது வெறும் 20 ரூபாய்!

கையெழுத்துப் போட்ட சங்கங்களின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வரவுக் காசும் ஊக்குவிப்பும் நிபந்தனையோடு வருபவை, பெயருக்குத்தான் 730. அடிப்படை கூடினால் சேமலாப நிதியும் கூடும். ஆனா தோட்டத்தில் கேட்டது ஆயிரம். 2018 அக்டோபரில் கறுப்புச் சட்டையோடு கொழும்பு காலிமுகத்திடலில் திரண்ட இளைஞர்கள் எந்தச் சங்கத்தின் மேசையிலும் உட்கார்ந்தவர்கள் இல்லை.

1992-ல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளிடம் போன பிறகு, முதலாளிமார் சம்மேளனமும் சில பெரிய சங்கங்களும் பேசி முடிப்பதே வழக்கமாக இருந்தது. மேசை நகராததால் சங்கங்கள் 2021-ல் சம்பள நிர்ணய சபைக்குப் போயின. அங்கே கம்பெனிப் பிரதிநிதிகள், தொழிலாளர் பிரதிநிதிகள் தவிர அரசு நியமிக்கும் உறுப்பினர்களும் உண்டு. சங்கமும் அரசும் ஒரு பக்கம் கை தூக்க, கம்பெனிகள் தோற்றன. மார்ச்சில் வர்த்தமானி வந்தது: 900 சம்பளம், 100 வரவுசெலவுத்திட்டப் படி.

நான் அப்போ இதை முழு வெற்றி என்றுதான் நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது சம்பளம் மட்டுமில்லையே. வேலை நிலைமைகளைப் பற்றிப் பேசவும் அதுதான் இடம். சபையோ நாட்சம்பளத்தைச் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து என்று சொல்லாது. கம்பெனிகள் ஒப்பந்தத்தை விட்டு விலகின. அதற்குப் பிறகு கிலோவைக் கூட்டிக் கேட்கிறார்கள், குறைந்தால் அரைப்பேர்தான் போடுகிறார்கள் என்ற முறைப்பாடு பல தோட்டங்களிலிருந்து வந்தது. அரைப்பேர் என்றால் கைக்கு 500.

2024-ல் 1,350 ஆனதும் அதே சபை வழியாகத்தான். கிலோவைப் பற்றிப் பேச ஒரு மேசை மறுபடி போடப்படுமா என்பதைத்தான் இப்போ கவனித்துக்கொண்டிருக்கிறேன்.