உங்களுக்குத் தெரியுமா? ஜீனோவைச் சிருஷ்டித்த பொறியாளர்

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் எழுந்துள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளில் இன்று ரோபோக் கரங்கள் தீப்பொறி பறக்கக் கார்களின் உடற்பாகங்களைப் பற்றவைக்கின்றன. ஆனால் இயந்திரத்துக்கும் சிந்தையும் சிநேகமும் உண்டாகக் கூடுமோ என்ற விசாரத்தை, இவற்றுள் ஒன்றேனும் தோன்றுமுன்பே, 1980-களில் தமிழ் வாசகர் உள்ளத்தில் விதைத்தவர் சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன் (1935–2008) ஆவார்.

ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த அவருடைய 'என் இனிய இயந்திரா', பிள்ளை பெறுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டிய ஓர் எதிர்காலத்தைக் காட்டுகிறது. அதில் நிலா என்னும் பெண்ணுக்கு உற்ற துணையாவது ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படித்து, தர்க்கம் பேசி, மனிதரைவிட மனிதத்தன்மையோடு விளங்கும் அந்தச் சிறு பிராணியைத் தமிழ்ப் புனைகதை பெற்ற அபூர்வ பாத்திரங்களுள் ஒன்றென்றே நான் மதிக்கிறேன். 'மீண்டும் ஜீனோ' அக்கதையின் தொடர்ச்சி.

நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களையும் எண்ணற்ற சிறுகதைகளையும் எழுதிக் குவித்த அவர், முழுநேர எழுத்தாளராக இருந்து அவற்றைப் படைத்தவரல்லர் என்பதே பேராச்சரியம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்று, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உத்தியோகம் வகித்த அவர், நாம் இன்று பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பிரதான பங்கு கொண்டவர்.