வைரஸ் திறந்துவிடும் வாசல்

தில்லியில் குளிர் தொடங்கிவிட்டால் வீட்டுக்கு ஒருவராவது தும்மிக்கொண்டிருப்பார். ஜலதோஷமும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆனால் ஃப்ளூ கண்டவரின் உயிருக்கு உலை வைப்பது பல சமயங்களில் அந்த வைரஸ் மட்டுமல்ல. அவருடைய மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே குடியிருந்த பாக்டீரியாக்களும்தான்.

நம் வாயிலும் மூக்கிலும் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை சாதுக்கள். நியூமோகாக்கஸ் போன்ற சில மட்டும் சமயம் பார்த்துக் காத்திருப்பவை. இந்தக் கிருமியை 1881-ல் உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவரான அமெரிக்க ராணுவ மருத்துவர் ஸ்டெர்ன்பெர்க், அதை எங்கே கண்டெடுத்தார் தெரியுமா? தம் சொந்த எச்சிலில்!

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து, கிருமிகள் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஃப்ளூ வைரஸ் இந்த மயிரிழைச் செல்களை அழித்துவிடுகிறது. பெருக்க ஆளில்லாத வீடுதான் அப்புறம். போதாததற்கு, செல்களின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரையையும் வைரஸ் வெட்டி உதிர்க்கிறது. நியூமோகாக்கஸுக்கு அது நல்ல தீனி. மூக்கில் சும்மா இருந்த கிருமி நுரையீரலில் இறங்கிவிடுகிறது. அதுதான் நிமோனியா.

1918-ல் பம்பாய் வழியாக நுழைந்த ஃப்ளூ, இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அன்று மருத்துவர்கள் பலர், 1892-ல் ஃபைஃபர் அறிவித்த ஒரு பாக்டீரியாவே ஃப்ளூவுக்குக் காரணம் என்று நம்பியிருந்தார்கள். மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸ் பிடிபட்டது 1933-ல்தான். (ஆனாலும் அந்தப் பாக்டீரியாவுக்கு 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பட்ட பழி போகவில்லை!) 1918-ல் மாண்டவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து, பெரும்பாலான மரணங்களில் பாக்டீரியா நிமோனியாவுக்குப் பங்கு உண்டு என்று 2008-ல் எழுதினார்கள்.

அப்படியானால் தும்மல் வந்ததுமே ஆண்டிபயாடிக் விழுங்கிவிடலாமா? கூடாது. அது வைரஸை ஒன்றும் செய்யாது. சாதுக்களைக் கொன்று, மருந்துக்கு அடங்காதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் போட்டுக்கொள்ளும் நம் வழக்கம் சரியல்ல.

கவனிக்க வேண்டியது வேறு. இறங்கிய காய்ச்சல் இரண்டொரு நாளில் மறுபடி ஏறினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகளுக்கு நியூமோகாக்கஸ் தடுப்பூசி, 2017 முதல் படிப்படியாக அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, இலவசமாகப் போடப்படுகிறது. வீட்டில் முதியவர்களோ சர்க்கரை நோயாளிகளோ இருந்தால், இதையும் ஃப்ளூ ஊசியையும் பற்றிக் குளிருக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.