மீனுக்குச் செதில் உதிர்வது ஏன்?

நம்ம புதுக்கோட்டைப் பக்கம் ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறோம். கொஞ்ச நாளில் கரையோரம் ஒன்றிரண்டு மீன் செதில் உதிர்ந்து, சிவந்த தடத்தோடு ஒதுங்கும். "கொக்கு கொத்தியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அப்படி விடலாமா?

செதில் என்பது மேலே ஒட்டி வைத்த சில்லு இல்லீங்க. தோலுக்குள் சின்னப் பை போன்ற இடத்தில் பதிந்து, கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அதற்கும் மேலே மெல்லிய தோலும் வழுவழுப்பும் உண்டு. கிருமியை முதலில் தடுப்பதே அந்த வழுவழுப்புதான். செதில் பிய்ந்தால் தோலும் சேர்ந்து புண்ணாகிறது. மீன் திடமாக இருந்தால் புதுச் செதில் முளைத்துவிடும். மரத்துக்கு இருப்பது போல செதிலுக்கும் வளையம் உண்டு. மறுபடி முளைத்த செதிலின் நடுவில் மட்டும் வளையம் இருக்காது.

கண்ணாடிக் கெண்டைக்கு அங்கங்கே நாலு பெரிய செதில்தான் இருக்கும். அது பிறவி வாகு, பயப்பட வேண்டாம்.

செதில் உதிர நாமே காரணமாவதும் உண்டு. உச்சி வெயிலில் குஞ்சு விடுவது, முரட்டு வலையில் அள்ளுவது, வெறுங்கையால் பிடிப்பது எல்லாம் கெடுதல். அடுத்தது மீன் பேன். அரிப்பு தாங்காமல் மீன் கல்லிலும் கட்டையிலும் உரசும், செதில் போகும். பேன் கெட்டியான பொருளில்தான் முட்டையிடும். அதனால் நாலைந்து மூங்கில் கழிகளைத் தண்ணீரில் ஊன்றி, வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் காயப்போட்டால் முட்டை செத்துவிடும். வயிறு வீங்கி, செதில் எல்லாம் சிலிர்த்து நின்றால் அது நீர்க்கோவை; பாக்டீரியா தரும் நோய்.

பெரிய நஷ்டம் வைப்பது புண் நோய்தான். 1988-ல் இது வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டி, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. அபனோமைசிஸ் என்ற பூஞ்சாணம் காயம்பட்ட தோல் வழியாக நுழைந்து சதையைத் தின்னும். முதலில் சிவப்புப் புள்ளி, அப்புறம் செதில் உதிர்வு, கடைசியில் குழிப்புண். விராலும் கெண்டையும்தான் முதலில் மாட்டும். தண்ணீர் குளிர்ந்த மார்கழி, தையில் வேகம் அதிகம். புண் மீனைச் சந்தையில் யார் வாங்குவார்?

ஆகவே குஞ்சைக் காலையிலோ மாலையிலோ விடுங்க. பையைக் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு அப்புறம் அவிழ்க்கணும். அதற்கு முன் 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் கல்லுப்பு கரைத்து, இரண்டு மூன்று நிமிஷம் குஞ்சை முக்கி எடுப்பது நல்லது. குஞ்சு தத்தளித்தால் உடனே எடுத்துவிடணும். நோய் கண்டுவிட்டால் புவனேஸ்வரம் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்து இருக்கிறது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 1 லிட்டர் கணக்கு. சுண்ணாம்பும் போடலாம்; ஆனால் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, மீன்துறை அலுவலரிடம் அளவு கேட்டுக்கொண்டு போடுங்க.

செத்த மீனைக் கரையில் எறியாமல் தள்ளிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்க. மீன்பிடித் திருவிழாவுக்கு ஊர் விட்டு ஊர் போகும் ஊத்தாவையும் வலையையும் நல்ல வெயிலில் காயவைத்த பிறகுதான் அடுத்த கண்மாயில் இறக்கணும்.