ஆய்வரங்கில் தோட்டத்துப் பெண்கள்

கோல கங்சார் நகரில் ஒரு முதிய இரப்பர் மரம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1877ஆம் ஆண்டு நடப்பட்ட கன்றுகளில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அம்மரத்தைச் சுற்றி வேலி உண்டு. அதன் வரலாற்றைக் கூறும் பலகையும் உண்டு. அந்த வழியில் பெருகிய கோடிக்கணக்கான மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர்களின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? குறிப்பாக, அவர்களுள் பெண்களின் வரலாறு?

இவ்வினாவுக்கு விடை தேடும் இடங்களுள் ஒன்று ஆய்வு மாநாடு. பாலினம், கல்வி, புலம்பெயர்வு, புலம்பெயர்ந்தோர் வாழ்வு ஆகியவற்றை ஒருங்கே ஆராயும் மாநாடுகள் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் நடைபெறுகின்றன. பெயரைக் கேட்டால் நமக்கு எட்டாத செய்தி போலத் தோன்றும். ஆனால், அங்கே பேசப்படுவது ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழ்ந்த நம் பாட்டிமாரின் வாழ்க்கையாகவும் இருக்கலாம்.

தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாளை முதலில் பார்ப்போம். விடியலுக்கு முன்பே எழுந்து சமைப்பார். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்குப் போய் நிற்பார். கிராணி பெயரைப் பதிந்தபின் தம் நிரைக்குச் சென்று மரங்களைச் சீவுவார். பால் வடிந்ததும் மங்குகளிலிருந்து வாளியில் சேர்த்துச் சுமந்து சென்று நிறுவைக்குக் கொடுப்பார். வீடு திரும்பினால் தண்ணீர், விறகு, துணி, மீண்டும் அடுப்பு. ஆண் செய்த அதே வேலையை அவரும் செய்தார். ஆயினும், 1920களின் இறுதியில் பேராக் போன்ற பகுதிகளுக்கு அரசு வகுத்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கூலி வாங்கிய பெண்ணையே ஆங்கிலேய அதிகாரிகளின் ஆவணங்கள் பல இடங்களில் கணவரைச் 'சார்ந்து வந்தவர்' என்று குறித்தன. சார்ந்து வந்தவர் என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிற்காலத்தில் அந்த ஏட்டைப் படிப்பவர் அவரை உழைப்பாளியாகக் காண்பதில்லை. எழுத்தில் விடுபட்டவர் வரலாற்றிலும் விடுபடுகிறார்.

இத்தகைய விடுபடல்களைக் கண்டுபிடித்து, சான்றுடன் பிறர் முன் வைப்பதே ஆய்வு மாநாட்டின் பணி. மாநாடு என்றவுடன் மாலை, பொன்னாடை, நீண்ட வரவேற்புரை ஆகியவை சிலருக்கு நினைவுக்கு வரலாம். அவையும் நடப்பதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், உண்மையான வேலை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏற்பாட்டாளர்கள் தலைப்புகளை அறிவித்துக் கட்டுரைகளைக் கோருவர். ஆய்வாளர் தம் கருத்தை ஒரு பக்கச் சுருக்கமாக அனுப்புவார். அதனைத் துறை வல்லுநர்கள் படித்து ஏற்பர் அல்லது திருப்பி அனுப்புவர். ஏற்கப்பட்டவருக்கு அரங்கில் 15 அல்லது 20 நிமிடங்கள் கிடைக்கும். அதன்பின் வருவதுதான் கடினமான பகுதி, கேள்வி நேரம்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். போருக்கு முந்தைய தோட்டப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் ஏன் குறைவாகப் படித்தனர் என்பது ஓர் ஆய்வாளரின் தலைப்பு. அவர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தைக் காட்டுகிறார். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரேனும் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி அமைக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. சட்டத்தின்படி பல பள்ளிகள் தோன்றின. ஆனால், தரமான கட்டடமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. வறுமையால் பெற்றோர் பெண்பிள்ளைகளை அனுப்பவில்லை என்று அவர் முடிக்கிறார். அப்போது பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து கேட்கிறார்: "வறுமைதான் காரணம் என்றால், அதே வீட்டு ஆண்பிள்ளை எப்படிப் பள்ளிக்குப் போனான்?"

அரங்கு ஒரு கணம் அமைதியாகிறது. ஆய்வாளர் மீண்டும் சிந்திக்க வேண்டியதாகிறது. தாய் மரம் சீவப் போனால் தம்பி தங்கையை யார் பார்ப்பது? மூத்த மகள். சோறு பொங்குவது யார்? அவளேதான். மகனின் படிப்பு நாளைய வருமானம், மகளின் படிப்பு வேறொரு வீட்டுக்குப் போவது என்ற எண்ணமும் அன்று இருந்தது. ஆக, வறுமை எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. அதன் சுமை ஒரே அளவில் பகிரப்படவில்லை. 'பாலினம்' என்ற சொல்லை ஆய்வாளர்கள் பயன்படுத்துவது இதைச் சுட்டத்தான். பெண்களைப் பற்றி மட்டும் பேசுவது அதன் பொருளன்று. ஒரே வீட்டில், ஒரே தோட்டத்தில், ஆணாகப் பிறந்ததாலும் பெண்ணாகப் பிறந்ததாலும் வாழ்க்கை எவ்வாறு வேறுபட்டது என்று கேட்பதே அதன் பொருள்.

தமிழாய்வு மாநாடுகளில் நம் நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றியது. அதனைத் தோற்றுவிப்பதில் முன்னின்ற தனிநாயகம் அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவர். அதனால், முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரிலேயே நடந்தது. அடுத்தவை சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம் என நாடு மாறி நடந்தன. பின்னர் 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் மாநாடு மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தது. தொடக்கக் கால மாநாடுகளில் இலக்கியம், மொழி, தொன்மை வரலாறு ஆகியவையே பெரிதும் பேசப்பட்டன. அது இயல்பே, தமிழின் தொன்மையை உலக அறிஞர்க்கு எடுத்துரைப்பது அன்றைய தேவை. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த பெண் ஆய்வுப் பொருளாக அரங்கேற மேலும் சில காலம் ஆனது.

இப்போது அந்நிலை மாறி வருகிறது. வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா, ஆங்கிலேயர் கால மலாயாவில் வாழ்ந்த இந்தியத் தோட்டப் பெண்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2021இல் வெளியிட்டது. அரசு ஏடுகளையே அவர் வேறு கண்ணோடு படித்தார். மேலோட்டமாகப் பார்த்தால் அமைதியாக அடங்கிப் போனவர்களாகத் தோன்றும் அப்பெண்கள், தங்களுக்குக் கிடைத்த சிறு வாய்ப்புகளிலும் தாங்களே முடிவெடுத்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

ஆயினும், ஏடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு ஈப்போவிலேயே சான்று இருக்கிறது. ஈப்போவில் 1927இல் பிறந்த இராசம்மா பூபாலன், பதின்ம வயதிலேயே இந்தியத் தேசிய இராணுவத்தின் ஜான்சி இராணி படையில் சேர்ந்து பர்மா வரை சென்றார். போருக்குப்பின் ஆசிரியரானார், 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவராகி, ஆண்களுக்கு நிகரான ஊதியம் வேண்டும் என்று போராடினார். அவருடைய வாழ்க்கை வரலாறு 2007இல் நூலாக வெளிவந்தது. அதே படையில் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற இளம் பெண்களும் பலர் இருந்தனர். அவர்களும் அதே சீருடை அணிந்தனர், அதே காட்டு வழியில் நடந்தனர். அவர்களுள் பெரும்பாலோரைப் பற்றி நம்மிடம் நூல் இல்லை. பள்ளிக்குச் சென்றவர் தம் கதையைத் தாமே எழுதவும் பேட்டி அளிக்கவும் முடிந்தது. பள்ளிக்குச் செல்லாதவரின் கதை அவருடைய நாவில் மட்டுமே இருந்தது.

இதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் வாய்மொழி வரலாற்றை நாடுகின்றனர். அதற்கும் காலம் குறைவு. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. மக்கள் ஈப்போ முதலிய நகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். இது கடலைக் கடந்த முதல் பெயர்வுக்குப் பின் நிகழ்ந்த இரண்டாம் பெயர்வு. பலர் இதனைப் புலம்பெயர்வு என்றே எண்ணுவதில்லை. லயம் இடிக்கப்பட்டபோது பழைய செக்ரோல் ஏடுகளும் பள்ளி வருகைப் பதிவேடுகளும் எத்தனை இடங்களில் குப்பைக்குப் போயினவோ! ஐம்பதுகளில் மரம் சீவத் தொடங்கிய பெண்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள்.

அத்தகைய ஒருவரிடம் பேச நீங்கள் விரும்பினால், ஆய்வாளர்கள் பின்பற்றும் சில முறைகள் உதவும். பதிவு செய்யும் முன் அவருடைய இசைவைக் கேளுங்கள். நாள், இடம், அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். "கஷ்டப்பட்டீர்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும், "காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், பாட்டி?" என்று கேளுங்கள். பள்ளிக்குப் போனாரா, எந்த வகுப்பில் நின்றார், அன்று வீட்டில் என்ன நடந்தது என்றும் கேட்கலாம். சொல்ல விரும்பாததை வற்புறுத்த வேண்டா. அவர் 'பெரட்டு' என்றால் 'பெரட்டு' என்றே எழுதுங்கள். 'கித்தாக்காடு' என்றால் அதனை 'இரப்பர்த் தோட்டம்' என்று மாற்றிவிடாதீர்கள். எழுதி முடித்ததும் அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பெரும்பாலும் அப்போதுதான், "இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்" என்று அவர் தொடங்குவார்.