காரின் பெட்ரோல் எங்கே போகிறது?

"லிட்டருக்கு இருபது கிலோ மீட்டர் என்று சொல்லி விற்றார்கள், பதினான்குகூடத் தருவதில்லை!" கார் உள்ள இல்லங்களில் அடிக்கடி கேட்கும் குறை இது. நிறுவனம் சொல்லும் அளவு, சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட வைத்துக் கணக்கிடப்படுவது. அங்கே குடும்பமும் இல்லை, மூட்டை முடிச்சும் இல்லை, குறுக்கே வரும் ஆடு மாடும் இல்லை. வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அதில் நம் கையில் உள்ளது எவ்வளவு?

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்திலிருந்து காஞ்சிபுரத்திற்குப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு வேகத்தடை. அதன் அருகு வரை விரைந்து சென்று பிரேக்கை அழுத்துபவர், தாம் செலவழித்த பெட்ரோலைப் பிரேக்கின் சூடாக மாற்றி வீண்விரயம் செய்கிறார். தொலைவில் கண்டதுமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பவருக்கு அது மிச்சம்.

இறக்கத்தில் நியூட்ரலில் உருள விடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இன்றைய இன்ஜெக்‌ஷன் காரில் கியரை மாற்றாமல் காலை மட்டும் எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். பெட்ரோல் பாய்வது அநேகமாக நின்றுவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் வேண்டும். எஞ்சினையே அணைத்துவிட்டு உருளும் 'சிக்கனக்காரர்'களும் உளர்! சில மிதிகளில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும். சில ரூபாய்க்காகக் குடும்பத்தின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

நெடுஞ்சாலையில் வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நிக்காஹ் வீட்டுக்குச் சாமான் ஏற்றிய கூரைக் கம்பிச் சட்டத்தைத் திரும்பியதும் கழற்றி வையுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபாருங்கள். அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும்.

ஒன்று மட்டும் நம் கையில் இல்லை. 2025இல் நாடெங்கும் பரவிய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அதன் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 விழுக்காட்டுக் கலப்புக்கென வடிவமைத்து 20க்குச் சீரமைத்த கார்களில் 1 முதல் 2 விழுக்காடும், கலப்பற்ற பெட்ரோலுக்கென வடிவமைத்து 10க்குச் சீரமைத்த பழைய கார்களில் 6 முதல் 7 விழுக்காடும் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கூறப்பட்டது.

எனவே முதலில் அளந்து பாருங்கள். டேங்கை நிரப்பிக் கிலோ மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே பங்க்கில் நிரப்புங்கள். இடையில் 480 கிலோ மீட்டர் ஓடி, 32 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 15. மூன்று முறை இவ்வாறு எழுதிப் பார்த்த பின்னர் மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.