நெஞ்சுப் பாரத்தை இறக்கிய ஆபரேஷன்!

உத்திரமேரூரை அடுத்தது திருப்புலிவனம். அங்கே கோவில் கொண்ட வியாக்ரபுரீஸ்வரரின் பெயரைக் கேட்டதும் புலிக்கால் முனிவர் நினைவுக்கு வருவார். பூஜைக்குப் பூப் பறிக்க மரம் ஏற வேண்டும். மனிதக் கால் வழுக்கியது. "புலியின் கால்களைக் கொடு" என்று இறைவனிடம் கேட்டார். கிடைத்தது என்கிறது புராணம்.

மனத்துக்கு ஏற்ற உடல் வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் கேட்பது டாக்டரிடம்!

யார் அவர்கள்?

பெண் குழந்தை என்று சொல்லி வளர்க்கப்பட்டு, தம்மை ஆணாக உணர்கிறவர் திருநம்பி. ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு மார்பகமே பெரும் பாரம். அதை மறைக்கத் துணியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். மூச்சு முட்டும். விலா வலிக்கும். தோல் புண்ணாகும்.

கப்பல் டாக்டர்

மைக்கேல் டில்லன் 1915-ல் லண்டனில் பிறந்தவர். பெண்ணாக வளர்க்கப்பட்டார். பிரிஸ்டல் நகரில் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தபோது, 1942-ல், மார்பகங்களை நீக்கிக்கொண்டார். பிறகு டாக்டருக்குப் படித்துக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார்.

பிரபு குடும்பத்துப் பிள்ளை அவர். வம்சாவளி நூல் ஒன்றில் "தம்பி" என்று இருந்தது. இன்னொன்றில் "தங்கை" என்று இருந்தது. பத்திரிகைக்காரர்கள் துருவினார்கள். 1958-ல் ரகசியம் சந்திக்கு வந்தது. டில்லன் இந்தியாவுக்கு ஓடி வந்தார். பௌத்தத் துறவியானார். 1962-ல் டல்ஹௌசியில் காலமானார். வயது 47.

அவரை ஓட வைத்தது ஆபரேஷன் அல்ல. ஊர் வாய்தான் துன்பம் தந்தது.

ஆபரேஷன் எப்படி?

மயக்க மருந்து கொடுத்து, மார்பகத் திசுவை எடுத்து, மார்பைத் தட்டையாக்குகிறார்கள். மார்பகம் பெரிதானால் கீழே இரண்டு கீறல்கள். காம்பைச் சிறிதாக்கி, உரிய இடத்தில் ஒட்ட வைப்பார்கள். ரத்தமும் நீரும் வடியச் சில நாள் குழாய் இருக்கும். சில வாரம் பட்டை அணிய வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

ரத்தக்கட்டு, சீழ், மரத்துப்போதல் ஏற்படலாம். பின்னாளில் குழந்தைக்குப் பால் கொடுப்பது பெரும்பாலும் இயலாது. சிறிது திசு மிஞ்சும் என்பதால் புற்றுநோய்ச் சோதனை பற்றியும் டாக்டரைக் கேட்க வேண்டும். ஆகவே எல்லாம் கேட்டுத் தெளிந்த பிறகே சம்மதிக்க வேண்டும். செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மனநிறைவு பெறுகிறார்கள். வருந்துகிறவர்கள் வெகு சிலரே என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

எல்லாத் திருநம்பிகளும் இதை விரும்புவதில்லை. ஆபரேஷன் செய்யாதவரும் திருநம்பிதான். பாலினத்தை ஏற்க ஆபரேஷனைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

எங்கே கேட்பது?

திருநங்கையர் நல வாரியத்தை 2008-லேயே அமைத்தது தமிழ்நாடு. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் திருநருக்கான சிகிச்சைப் பிரிவும் தொடங்கப்பட்டது. போலி டாக்டரிடம் போய் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

தாய்மார்களே! ஆபரேஷன் முடிந்தவர் சில வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. சட்டை மாட்டிவிட ஒருவர் வேண்டும். தலை வாரிவிட ஒருவர் வேண்டும். குடம் தூக்கிவர ஒருவர் வேண்டும். டில்லனைப்போல் பிள்ளை ஊர் ஊராக ஓட வேண்டுமா? அந்த ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாதா?

புலிக்கால் வந்த பிறகும் முனிவர் அதே முனிவர்தான். வீடு திரும்பும் பிள்ளையும் அதே பிள்ளைதான்.