பூச்சை இழந்த பேராலயம்
பாம் ஜீசஸ் பேராலயம், பழைய கோவா

படங்களில் கோவாவின் அடையாளமாகிவிட்ட இந்தச் சிவப்பு முகப்பு, இதைக் கட்டியவர்கள் விட்டுச்சென்ற தோற்றம் அல்ல. இயேசு சபையினர் 1594-இல் கட்டத் தொடங்கிய, 1605-இல் அர்ச்சிக்கப்பட்ட இக்கோயில், சுண்ணாம்புக் காரை பூசி வெண்மையாக நின்றது. 1950-களில் போர்த்துகீசியக் கட்டடக் கலைஞர் பல்தசார் காஸ்த்ரோவின் முயற்சியில் அந்தப் பூச்சு பெயர்த்தெடுக்கப்பட்டது.

சுவரின் அருகே நின்றால் விளைவு தெரியும். துளை துளையாக இருக்கும் இந்தச் செம்புரைக்கல் வெட்டுவதற்கு எளிது. காற்றுப் படப் படக் கடினமாகும். ஆனால் மழைநீரை உறிஞ்சும். கோவாவின் பருவமழையில் பூச்சில்லாத சுவர் ஆண்டுதோறும் நனைந்து அரிபடுகிறது. முகப்பின் செதுக்குவேலைகளோ வசாய் பகுதியிலிருந்து கொண்டுவந்த கருங்கல். உச்சியில் இயேசுவின் பெயரைச் சுட்டும் ஐ.எச்.எஸ். எழுத்துகளைக் காணலாம்.

உள்ளே பொன்முலாம் மின்னும் பீடத்தில், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் பெரிய சுரூபம். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய புனித சவேரியாரின் உடல் இங்கேதான் இருக்கிறது. அவருடைய பளிங்குக் கல்லறை மாடம், டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ அனுப்பியது, 1698-இல் நிறுவப்பட்டது.

வெளிச்சுவருக்கு மீண்டும் காரை பூச வேண்டும் என்கிறார்கள் பாதுகாப்பு வல்லுநர்கள் சிலர். பழகிய சிவப்பு போய்விடுமே என்ற தயக்கமும் இருக்கிறது. அது புரிந்துகொள்ளக்கூடியதே, ஆனாலும் பூசுவதே சரி. சுண்ணாம்புக் காரை இங்கே வெறும் அலங்காரம் அல்ல, கட்டடத்தின் உறுப்பு. மழையைத் தான் தாங்கி, உள்ளிருக்கும் ஈரத்தையும் அது வெளியே விடும். சிமென்ட் பூச்சு அந்த ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும்.